முகமும் எண்ணெயும்

தமிழிலே எண்ணெய் என்னும் சொல் எள்ளிலிருந்து பிறந்தது. எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆயிற்று. எள்ளின் நெய்க்கே உரித்தாயிருந்த அப்பெயர் காலப்போக்கில் தேங்காயின் நெய்க்கும், வேம்பின் நெய்க்கும், ஆமணக்கின் நெய்க்கும் பொதுவாகிவிட்டது; ஈற்றில் மண்ணைத் துளைத்து எடுத்ததும் மண்ணெண்ணெய் எனப்பட்டது. தன் பெயரை எல்லார்க்கும் வாரி வழங்கிவிட்ட எள்ளெண்ணெய், தனக்கென 'நல்ல' என்னும் அடையொன்றைத் தேடிக்கொள்ள நேர்ந்தது. மேனாட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒலிவ மரத்தைக் குறித்த பழைய கிரேக்க, இலத்தீன் சொற்களின் வழியே ஆங்கிலத்தின் 'ஒயில்' வந்தது. எந்த வித்து அல்லது கனி ஒரு மக்களின் விளக்கிலும் அடுப்பிலும் மேனியிலும் முந்தி இடம்பிடித்ததோ, அதன் பெயரே நிலைத்தது போலும்.

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையில் இவ்விரு மரபுகளும் கூப்பிடு தூரத்தில் வாழ்கின்றன. புனித லூசியா பேராலயத்தில் உறுதிபூசுதல் பெறும் பிள்ளையின் நெற்றியில் இடப்படும் திருத்தைலம், நறுமணப் பிசின் கலந்த ஒலிவ எண்ணெய். அங்கிருந்து சிறிது தூரத்தில், கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கின்றது. சைவக் கோயில்களிற் குடமுழுக்குக்கு முன்னர் அடியார்கள் வரிசையில் நின்று தம் கையாலேயே மூர்த்திகளுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்துவார்கள். சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலே சிங்கள மக்கள் நல்ல நேரம் பார்த்துத் தலையில் எண்ணெய் வைப்பதும், தமிழ் மக்கள் மருத்துநீர் தேய்த்து முழுகுவதும் அயல்வீடுகளில் நடைபெறும். எண்ணெய் மங்கலப் பொருள் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆனால் கல்லுக்கு ஒத்த எண்ணெய் கன்னத்துக்கும் ஒக்குமா என்பது வேறு கேள்வி. கல்லுக்குச் சுரப்பிகள் இல்லை.

இக்கேள்வி இன்று அடுக்களையிலிருந்து கடைத்தெரு வரை வந்துவிட்டது. தேங்காயெண்ணெயைப் போலொரு முகமருந்து இல்லை என்பார் ஒரு சாரார். அதை முகத்தில் தொடவே கூடாது என்பார் வேறொரு சாரார். இவர்களுக்கிடையே, மொரோக்கோ நாட்டின் ஆர்கன் எண்ணெயும், மெக்சிக்கோப் பாலைநிலத்துச் செடியான ஹொஹோபாவின் நெய்யும் சின்னஞ்சிறு போத்தல்களில் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. ஹொஹோபாவின் நெய் உண்மையில் எண்ணெயே அன்று. திரவ நிலையிலுள்ள மெழுகு. யார் சொல்வது சரி என்று தீர்ப்பதற்கு முன் தோலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

தோலின் ஆக மேற்பட்ட படை மிக மெல்லியது. முகத்தில் அது ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு, அல்லது அதனிலும் சற்றுக் கூடுதலான தடிப்பே உடையது. உயிரற்ற தட்டைக் கலங்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றினிடையே கொழுப்புப் பொருள்கள் சாந்து போல நிரம்பியுள்ளன. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகாமற் காப்பதும், வெளியிலுள்ள அழுக்கும் கிருமியும் உட்புகாமல் தடுப்பதும் இச்சுவரின் தொழில். இதன் மேல், நெய்ச்சுரப்பிகள் சுரக்கும் இயற்கை நெய் ஒரு மென்படலமாகப் பரவுகின்றது. இச்சுரப்பிகள் உடலெங்கும் ஒரே அளவில் இல்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே இல்லை. முகத்திலும் தலையிலுமோ ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 400 முதல் 900 வரை நெருங்கியிருக்கின்றன. ஆகவே, வரண்டு வெடித்த குதிக்காலுக்கு நன்மை செய்த எண்ணெய் மூக்கின் ஓரத்துக்கும் நன்மை செய்யும் என்று எண்ணுவது பொருந்தாது. குதிக்கால் வெளியிலிருந்து நெய்யை வேண்டி நிற்பது. மூக்கோரமோ தானே நெய்யை உண்டாக்கி வழியவிடுவது.

மற்றுமொன்று. எண்ணெய் தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. இருக்கும் நீர் வெளியேறுவதையே தாமதப்படுத்துகின்றது. ஆதலால் காய்ந்து கிடக்கும் முகத்தில் எண்ணெயை அப்புவதால் கிடைப்பது பெரும்பாலும் மினுக்கமே. முகம் கழுவி, ஈரம் முற்றும் உலராதிருக்கையில் இரண்டு மூன்று துளியை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றினால், அந்த ஈரம் உள்ளே நிற்கும். இந்தச் சிறு முறைமாற்றம், விலையுயர்ந்த போத்தலுக்கு மாறுவதை விடப் பயன் தருவது.

முன்னோர் முகத்தில் எண்ணெய் பூசினார்களே, அவர்களுக்கு முகப்பரு வரவில்லையா என்று கேட்பார் உளர். வந்திருக்கும். ஆனால் அவர்களுடைய முறையை நாம் பாதியாகவே நினைவில் வைத்திருக்கின்றோம். சனிக்கிழமை ஆடவரும், செவ்வாய், வெள்ளி ஆகிய நாட்களில் பெண்டிரும் எண்ணெய் தேய்த்தனர் என்பது வழக்கில் நிற்கின்றது; தேய்த்த எண்ணெயை எதைக் கொண்டு நீக்கினர் என்பது மறந்துபோயிற்று. சீயக்காயும், அரப்பும், பயற்றம்மாவும், கடலைமாவும் எண்ணெய்க் கிண்ணத்தின் அருகிலேயே இருந்தன. எண்ணெய் அரைமணி, ஒருமணி நேரம் ஊறியது. பின்னர் முழுதும் போக்கப்பட்டது. சீயக்காயிலே நீருடன் நுரைக்கும் சப்போனின் என்னும் பொருள் உண்டு. அதுவே எண்ணெயைப் பற்றிக் கழுவிச் செல்வது. பயற்றம்மா எண்ணெயை உறிஞ்சி உதிர்வது. ஆகவே பழைய முறை எண்ணெயை இடும் முறை மட்டுமன்று. இட்டு எடுக்கும் முறை. இரவு பூசி, விடியும்வரை தலையணையோடு தேய்த்து உறங்கி, காலையிலும் அதன் மேலேயே பவுடர் போடும் இன்றைய பழக்கத்துக்குப் பாட்டிமாரைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமாகாது.

சீயக்காயின் இடத்தைப் பிடித்தது சவர்க்காரம். இதிலும் கொட்டாஞ்சேனையின் அயலுக்குப் பங்குண்டு. புதுக்கடையிலிருந்த பெரும் ஆலை தேங்காயெண்ணெயையும் சவர்க்காரத்தையும் ஆக்கிப் பி.சி.சி. என்னும் மூன்றெழுத்தாற் பெயர் பெற்றது. கிராண்ட்பாஸ் பகுதியில் லீவர் சகோதரர் கம்பெனியார் 1938 இல் சவர்க்காரத் தொழிற்சாலை நிறுவினர். வேடிக்கை யாதெனில், பூசும் எண்ணெயும் அதைப் போக்கும் கட்டியும் ஒரே தேங்காயிலிருந்தே வரலாம். எண்ணெயைக் காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் அது சவர்க்காரமும் கிளிசரினுமாகப் பிரியும். ஆயின், தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது புளிப்புத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5 ஐ அடுத்தது. சாதாரணச் சவர்க்காரக் கரைசலோ 9 க்கும் 10 க்கும் இடைப்பட்ட காரம். நாளுக்கு நான்கு தரம் சவர்க்காரம் இட்டு முகத்தை உரசினால் செங்கற்களிடையே உள்ள சாந்து கரையும், முகம் 'இழுக்கும்', அவ்விழுப்பைத் தணிக்க மீண்டும் எண்ணெய் பூசப்படும். இந்தச் சுற்றிலே அகப்பட்டவர்கள் பலர்.

இனித் தேங்காயெண்ணெய். அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். வரண்ட தோலுக்கு அது நல்லது என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு வைத்தியர்கள் செய்த ஆய்வுகள் ஆதாரமாக உள்ளன. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில் வரட்சி நோயுற்ற 34 பேரின் கால்களில் சிலருக்குத் தேங்காயெண்ணெயும் சிலருக்குக் கனிம எண்ணெயும் இரு வாரம் பூசப்பட்டன. இரண்டும் ஒப்பப் பயன் தந்தன. 2014 இல் வெளியான மற்றோர் ஆய்வு, கரப்பான் வகைத் தோலழற்சி உடைய 117 சிறுவரில் நடந்தது. அங்கே தேங்காயெண்ணெயே மேம்பட்டு நின்றது. இவற்றை ஓதிக் காட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஆய்வு கால்களைப் பற்றியது. இரண்டாவது, வரண்டு அழன்ற குழந்தைத் தோலைப் பற்றியது. பதினாறு வயதுப் பெண்ணின் நெய் வழியும் கன்னத்தைப் பற்றி இரண்டும் ஒன்றும் கூறவில்லை.

மறுபுறத்தில், தேங்காயெண்ணெய் மயிர்த்துளைகளை அடைக்க வல்லது என்று தரப்படுத்திய பட்டியல்கள் உள்ளன. பெரும்பாலும் முயலின் காதிலே எண்ணெயைப் பூசிப் பார்த்து ஆக்கப்பட்டவை அவை. முயற்காது மனிதத் தோலைவிட எளிதில் அடைபடுவது; ஆகவே அப்பட்டியலின் எண்களை வேதவாக்காகக் கொள்ளலாகாது. ஆனால் மனிதரிடமே காணப்பட்ட சான்றும் உண்டு. 1970 இல் அமெரிக்கத் தோல்வைத்தியர்கள் தலைக்குப் பூசும் பசைகளால் நெற்றியிலும் கன்னப்பொறியிலும் தோன்றும் ஒருவகைப் பருவை விவரித்து, அதற்கு அப்பசையின் பெயரையே இட்டனர். கொட்டாஞ்சேனையின் பாடசாலை வாயில்களில் இரட்டைப் பின்னலுடன் நுழையும் மாணவியரின் நெற்றியை உற்றுநோக்கினால், மயிரோரத்தை ஒட்டிச் சிறுமணிகளாக நிற்கும் பருக்கள் சிலரிடம் தெரியும். முகத்துக்கு அவர்கள் ஒன்றும் பூசுவதில்லை. தலைக்கு வைத்த எண்ணெய் வெயிலில் உருகி நெற்றிக்கு இறங்குகின்றது. அத்தகையோர் தலைக்கு எண்ணெய் வைப்பதை விடவேண்டியதில்லை. இரவில் வைத்துக் காலையில் முழுகுதல், நெற்றியோரத்தை விட்டு வைத்தல் ஆகிய இரண்டுமே பெரும்பாலும் போதியவை.

இடமும் காலநிலையும் இங்கே வெகுவாகக் கணக்கிற் கொள்ளப்பட வேண்டியவை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகும். நுவரெலியாவில் அது போத்தலுக்குள் வெண்கட்டியாய் உறைந்திருக்கும். கொட்டாஞ்சேனையில் ஆண்டு முழுவதும் நீராய் ஓடும். மலையகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறிய குடும்பங்கள் பல. சோளகக் காற்று வீசும் யாழ்ப்பாணத்து வரட்சிக்கும், மலைநாட்டுக் குளிருக்கும் பொருந்திய எண்ணெய்ப் பழக்கத்தை அவர்கள் அப்படியே கொண்டுவந்தனர். கொழும்பின் காற்றிலோ கடலின் ஈரம் எப்போதும் நிற்கின்றது, தோலிலிருந்து நீர் அவ்வளவு விரைவில் வெளியேறுவதில்லை, வியர்வை மிகும். வியர்வையும் எண்ணெயும் துறைமுகச் சாலையின் தூசியும் ஒன்றாய்ச் சேர்ந்த முகத்துக்கு மேலும் எண்ணெய் வேண்டியதில்லை. நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் உத்தியோகம் பார்ப்பவரின் நிலை வேறு. அவர் கொழும்பில் வாழ்ந்தாலும் அவருடைய முகம் வரண்ட நாடொன்றில் வாழ்கின்றது.

ஒலிவ எண்ணெயைப் பற்றிய நற்பெயர் சற்று மிகையானது. அதில் ஒலேயிக் அமிலமே பெரும்பங்கு. இவ்வமிலம் தோலின் சாந்தைக் குலைக்க வல்லது. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகர ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வளர்ந்தோரின் முன்கைகளில் நாளுக்கு இருமுறை ஆறு துளி வீதம் சில வாரங்கள் எண்ணெய் பூசப்பட்டது. ஒலிவ எண்ணெய் பட்ட தோலின் காப்புச் சுவர் பலவீனமடைந்து இலேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் பட்ட தோல் கெடாமல் நின்றது. சூரியகாந்தியில் லினோலேயிக் அமிலம் மிகுதி. தோல் தன் சாந்தை ஆக்குவதற்கு வேண்டிய பொருள்களுள் அதுவும் ஒன்று. நல்லெண்ணெயில் ஒலேயிக்கும் லினோலேயிக்கும் ஏறத்தாழச் சரிபாதியாய் இருப்பதால் அது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது எனலாம். எள் ஒவ்வாதவர்கள் அதைத் தொடாதிருத்தல் நன்று. ஆமணக்கெண்ணெய் பிசுபிசுப்பால் முகத்துக்குத் தனியே ஆகாது. வேப்பெண்ணெய்க்குக் கிருமியை அடக்கும் ஆற்றல் உண்டென்றாலும் அது தோலை உறுத்தவும் கூடும். ஒரு துளியை வேறோர் எண்ணெயின் பல துளிகளுடன் கலந்தே இட வேண்டும். குழந்தைகளுக்கு அதை உள்ளுக்குக் கொடுத்து உயிராபத்து நேர்ந்தமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

மூக்கோரத்திலும் புருவத்திலும் சிவந்து செதில் உதிரும் நோயை 'வரட்சி' என்று எண்ணி எண்ணெய் பூசுவது ஒரு பெருந்தவறு. அங்கே தொழிற்படுவது மலசீசியா என்னும் மதுவ இனப் பங்கசு. நெய்யே அதன் உணவு. ஆய்வுகூடத்தில் அதை வளர்ப்பதற்கு ஒலிவ எண்ணெய் ஊட்டுவதுண்டு. செதிலைக் கண்டு எண்ணெய் இட, எண்ணெயை உண்டு அது பெருக, மேலும் செதில் உதிரும்.

கறுவாத் தைலம், கராம்புத் தைலம், புற்றைலம் ஆகியவை இலங்கைக்குப் பெருமை தேடித் தந்த பொருள்கள். ஆயினும் அவை இதுவரை கூறிய எண்ணெய்களின் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. வித்தைப் பிழிந்து எடுப்பது கொழுப்பு; பட்டையையும் இலையையும் நீராவியில் வடித்து எடுப்பது ஆவியாகும் வாசனைச் சத்து. முன்னதைத் துளியாய்ப் பூசலாம். பின்னதை நேரே முகத்தில் இட்டால் எரிவும், நாட்செல்ல ஒவ்வாமையும் உண்டாகும். கறுவாப்பட்டைத் தைலத்தின் மணப்பொருளான சின்னமல்டிகைட்டு ஒவ்வாமை உண்டாக்குவதிற் பேர்போனது. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசி வெயிலிற் செல்வதும் இவ்வகைப்பட்டதே. சாறு பட்ட இடம் வெயிலில் வெந்து மாதக்கணக்கிற் கறுத்திருக்கும். வெளுக்க எண்ணிப் பூசியது கறுப்பாய் முடிகின்றது.

வெயிலை எண்ணெய் தடுக்கும் என்பதும் ஆதாரமற்றது. ஏப்ரல் 5 ஆந் திகதிக்கும் 15 ஆந் திகதிக்கும் இடையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியிற் செல்கின்றது. அவ்வெயிலுக்குக் குடையும் நிழலும் அதற்கென ஆக்கப்பட்ட பூச்சும் வேண்டும்.

எண்ணெயை வாங்குவதிலும் விழிப்பு வேண்டும். 2021 மார்ச் மாதத்தில் இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃபிளடொக்சின் என்னும் பங்கசு நஞ்சு காணப்பட்டதன் பின்னர், கொழும்பு மக்கள் எண்ணெயைக் குளிர்ப்பெட்டியில் வைத்து உறைகின்றதா என்று சோதிக்கலாயினர். அச்சோதனை முழு உண்மையைக் காட்டாது. பாம் மரத்தின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் தேங்காயெண்ணெயைப் போலவே உறையும். நஞ்சோ உறைவதாலும் உறையாததாலும் வெளிப்படுவதில்லை. மூக்கே நல்ல சோதனையாளர். காறல் நாற்றம் அடிக்கும் எண்ணெய் ஒட்சிசனோடு கூடிக் கெட்டுப்போனது. அது தோலை உறுத்தும். முகத்துக்கு வேண்டியது சில துளிகளே ஆதலால், சிறு போத்தலாக வாங்கி, ஒளிபடாத இடத்தில் மூடி வைப்பது தகும். புதிய எண்ணெய் எதையும் முகத்தில் இடுமுன் முழங்கையின் உட்புறத்தில் நாலைந்து நாள் பூசிப் பார்த்தால், ஒவ்வாமை இருப்பின் அங்கேயே தெரிந்துவிடும். பரு உள்ளவர் எண்ணெய்ப் பூச்சைத் தவிர்ப்பது நலம். பரு இல்லாதவர், இரவில் சில துளி இட்டு, இருபது நிமிடத்தின் பின் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பயற்றம்மாவால் இலேசாகக் கழுவுவதாற் கேடொன்றும் இல்லை.

இவையெல்லாம் எண்ணெயால் விளையக்கூடிய சிறு தொல்லைகள். பருவோ, செதிலோ, எரிவோ எதுவாயினும், எண்ணெயை நிறுத்தினாற் பெரும்பாலும் தணிந்துவிடும். பெருந்தொல்லை, எண்ணெயைக் கைவிட்டவர்கள் அதன் இடத்தில் எதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதில் இருக்கின்றது. மணமகள் 'சிவந்த நிறம்' உடையவளாதல் வேண்டும் என்று விளம்பரம் எழுதும் சமூகத்திலே, எண்ணெய் வெளுப்பாக்குவதில்லை என்று கண்ட பெண்கள், ஏழு நாளில் வெளுக்கச் செய்யும் என்ற கிறீமை நாடுகின்றனர். அத்தகைய கிறீம்கள் சிலவற்றின் இரகசியம் பாதரசம். வேறு சிலவற்றினது வலிய ஸ்டீரொயிட் மருந்து. பாதரசம் தோலில் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். அதனாலேயே முகம் சின்னாள் வெளுக்கும். பின்னர் அது இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரோடு நில்லாது, தலையணையும் துவாயும் வழியாக அதே அறையில் உறங்கும் குழந்தையையும் அடையும். 2013 இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கையின்படி, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசம் கொண்ட அழகுப்பூச்சுகளை 2020 ஆம் ஆண்டோடு ஒழிக்க உலக நாடுகள் உடன்பட்டன. இலங்கை 2017 இல் அதிற் சேர்ந்தது. உடன்படிக்கை கையெழுத்தானாலும், ஆக்கியோன் பெயரோ உட்பொருளோ அச்சிடப்படாத சிமிழ்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

இவற்றைக் கண்டறிய ஒரு குறிப்பை உலக சுகாதார நிறுவனம் தந்துள்ளது. பொன், வெள்ளி நகைகளில் படாமற் பூசுக என்று உறையில் எழுதியிருப்பின், அப்பூச்சிற் பாதரசம் இருத்தல் கூடும். இதன் காரணத்தைக் கொட்டாஞ்சேனைக்கு அருகில், செட்டியார் தெருவில் பட்டறை வைத்திருக்கும் எந்தப் பொற்கொல்லரும் சொல்லுவார். பாதரசம் பட்ட பொன் அதனோடு கலந்து வெள்ளையாய்ப் போகும். உறையில் 'கலோமல்' என்றோ பாதரசக் குளோரைட்டு என்றோ எழுதியிருப்பதும் அதே எச்சரிக்கைதான். ஒன்றும் எழுதாதிருந்தால் அது அதனினும் மோசம். நெடுநாள் பூசிய கிறீமை நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்தால், மீண்டும் அதையே பூசித் தணிக்காமல், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்கோ அருகிலுள்ள தோல்வைத்தியரிடமோ செல்லுதல் வேண்டும். செல்லும்போது வெறுங்கையோடு போகாது, பூசிய சிமிழையும், அது சுற்றியிருந்த தாளையும், பூசத் தொடங்கிய நாளைக் குறித்த ஒரு துண்டையும் கொண்டு சென்றால் வைத்தியருக்கு வேலை பாதியாகும்.